எதிர்த்தண்ணியில் போன 25 துளிகள்

உடுமலைப்பேட்டையில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டார், போர் மோட்டார், மாவு மில் மோட்டார், இவைதான் வழக்கமான வரத்து. போன ஆனி மாதம் ஒருத்தர் எரிந்துபோன சப்மெர்சிபிளை ஆட்டோவிலிருந்து இறக்கும்போது கூடவே ஒரு மைக்ராஸ்கோப்பையும் இறக்கி வைத்தார். சொந்தக்காரர் நடத்திய ரத்தப் பரிசோதனைக் கூடத்தை மூடிவிட்டார்களாம். "கூலியில 1,500 கழிச்சுக்கங், வீட்ல எடத்த அடைச்சுட்டு நிக்குது" என்றார். நான் இயற்பியல் பி.எஸ்சி. முடித்துவிட்டு அப்பாவின் கடைக்கு வந்தவன். கல்லூரி விட்டபின் மைக்ராஸ்கோப்பைத் தொட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. கழித்துக்கொண்டேன்.

அதன் நிலைமை மோசம். ஃபோகஸ் குமிழ் அசையவே இல்லை. உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்து மெழுகாகக் கெட்டிப்பட்டிருந்தது. கழற்றி, மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் பல்லிடுக்கையெல்லாம் சுரண்டி எடுத்தேன். பேரிங்குக்குப் போடும் கிரீஸைத் தடவி மாட்டினால் மேடை தன் எடையிலேயே மெல்லக் கீழே இறங்கியது. மைக்ராஸ்கோப்புக்கு இழுவை அதிகமான கிரீஸ் வேண்டும் என்று பின்னால்தான் தெரிந்தது. அதுவரைக்கும் குமிழுக்கு உட்புறம் இருக்கும் இறுக்கு வளையத்தை அரைத் திருகு கூட்டிவைத்துச் சமாளித்தேன். 100 மடங்கு லென்ஸில் எண்ணெய் உள்ளே இறங்கிக் கெட்டுவிட்டது, அதை விட்டுவிட்டேன். 40 மடங்கு லென்ஸில் பூஞ்சை வெளிக் கண்ணாடியில் மட்டும் பிடித்திருந்ததால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சில் போயிற்று. கீழே இருந்த கண்ணாடி உடைந்திருந்தது. எமர்ஜென்சி விளக்கிலிருந்து ஒரு எல்.இ.டி.யைப் பிடுங்கி, மேலே டிரேசிங் பேப்பர் ஒட்டி வைத்தேன். வெங்காயத் தோல் தெரிந்தது. கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆடி 18-க்கு அக்கா மகள் வந்தாள். கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருடம். என்ன ப்ராஜெக்ட் என்று கேட்டதற்கு, மூலக்கூறு அமைப்புகளில் சமநிலையற்ற கடத்தல், முதல்முறை தொடும் நேரம் என்று ஏதோ சொன்னாள். "கடைமடைக்காரன் பாஷையில சொல்லு அம்மணி" என்றேன். அவளுக்கு அது போதும்.

எங்கள் பக்கம் பி.ஏ.பி., அதாவது பரம்பிக்குளம்-ஆழியாறு திட்ட வாய்க்கால் பாசனம். மண்டலம் மண்டலமாக முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். மடை திறந்தாயிற்று என்று தெரிந்தாலும் கடைமடைக்காரனுக்கு இருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: என் வரப்பைத் தண்ணி முதல்முதலாக எப்போது தொடும்? வாய்க்காலில் சராசரி எவ்வளவு ஓடுகிறது என்பது அவனுக்கு இரண்டாம் பட்சம். செல்லுக்குள்ளும் இதே கதைதான். ஒரு புரதம் அலைந்து திரிந்து டி.என்.ஏ.யில் தன் இடத்தை முதல் தடவை எப்போது தொடுகிறதோ, அந்தக் கணத்தில் இருந்துதான் அடுத்த வேலை ஆரம்பம். வித்தியாசம் என்னவென்றால், வாய்க்கால் தண்ணி ஏறக்குறைய சொன்ன நேரத்துக்கு வரும். மூலக்கூறு வராது. ஒன்று மூன்று வினாடியில் வரும், பக்கத்தில் இருந்து கிளம்பிய இன்னொன்று ஒன்றரை நிமிடம் சுற்றிவிட்டு வரும். அதனால் ஒரு எண்ணைச் சொல்லி முடித்துவிட முடியாது. எத்தனை பேர் எத்தனை நேரத்தில் வந்தார்கள் என்ற பரவலையே எடுத்துப் பார்க்க வேண்டும். அவள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இதைச் செய்துகொண்டிருந்தாள். கண்ணால் பார்த்ததில்லை என்றாள். எனக்கு அது பொறுக்கவில்லை. மைக்ராஸ்கோப் பக்கத்திலேயே இருக்கிறது.

மூலக்கூறு இந்த லென்ஸுக்குத் தெரியாது. ஆனால் தண்ணீர் மூலக்கூறுகள் முட்டி முட்டி ஆட வைக்கும் துகள் தெரியும். 1827-ல் ராபர்ட் பிரவுன் பார்த்த அதே ஆட்டம். எங்களுக்குத் துகளாகக் கிடைத்தது பால் கொழுப்பு.

முதலில் பக்கத்துத் தோட்டத்துக் கறந்த பாலைத்தான் எடுத்தோம். உருண்டைகள் அழகாகத் தெரிந்தன, ஆனால் பெரியவை. மூன்று நான்கு மைக்ரான் இருக்கும். ஆட்டமே இல்லாமல் மேலே மிதந்து வந்து கண்ணாடியடியில் குந்திக்கொண்டன. அப்புறம்தான் பாக்கெட் பால் ஞாபகம் வந்தது. ஆடை கட்டாமல் இருப்பதற்காக அழுத்தத்தில் அடித்து, கொழுப்பை ஒரு மைக்ரானுக்கும் கீழே உடைத்துவிடுகிறார்கள் அல்லவா, அந்த ரகம். அதில் ஒரு மைக்ரான் ஒட்டிய துளிகளும் நிறைய மிஞ்சியிருக்கும், அவைதான் தோது. 100 மில்லி தண்ணீருக்கு ஒரே ஒரு சொட்டு. பால் என்று சொல்லவே முடியாத நிறம். "பாலுக்குள்ள அப்படி என்னத்தச் சாமி பாக்கறே?" என்று அம்மா கேட்டுவிட்டு, மிச்சப் பாலைக் காபிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு நாள் போயிற்று. போர் தண்ணியில் கலந்தால் பாதித் துளிகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நகரவில்லை. எங்கள் போர் தண்ணியின் உப்பு ஊருக்கே தெரியும். கடையில் பேட்டரிக்கு ஊற்ற வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டரில் கலந்ததும் ஒட்டுவது வெகுவாகக் குறைந்தது. இன்னொன்று, காலையில் கலந்ததைப் பொழுதோடு பார்க்கக் கூடாது. இந்த வெயிலுக்கு மூன்று நான்கு மணி நேரத்தில் பாக்டீரியா பெருகி, நீந்துகிற கூட்டம் வந்துவிடுகிறது. நாங்கள் பார்க்க வந்தது தானாக எங்கும் போகத் தெரியாத துளிகளை. நீந்துகிறவன் கணக்கைக் கெடுத்துவிடுவான்.

ஸ்லைடில் எவ்வளவு விடுவது? மருந்துக் கடையில் யூ-100 இன்சுலின் சிரிஞ்சு வாங்கினேன். அதில் ஒரு யூனிட் என்பது ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்கு. 22 மில்லிமீட்டர் சதுரக் கவர் கண்ணாடிக்கு அடியில் அதைப் பரப்பினால் 20 மைக்ரான் தடிமனுக்குத் தண்ணீர்ப் படலம் கிடைக்கும். நான்கு ஓரத்திலும் நெயில் பாலிஷ் அடித்து மூடினோம். பாலிஷ் அக்கா மகளுடையது, மெரூன் நிறம்.

அளவுகோல்தான் பெரிய பிரச்சினையாக இருந்திருக்கும். மைக்ராஸ்கோப்புக்கு என்றே விற்கும் கோடு போட்ட ஸ்லைடு விலை அதிகம். ஆனால் எல்லார் வீட்டு பீரோவிலும் கல்யாண சி.டி. இருக்கிறது. சி.டி.யின் தடங்களுக்கு இடையே உள்ள தூரம் 1.6 மைக்ரான். எங்கள் கல்யாணத்துக்குப் போட்ட பிரதிகளில் யாரும் பார்க்காத ஒன்றை எடுத்து, லேபிள் பக்கம் பேக்கிங் டேப்பை ஒட்டிச் சரக்கென்று இழுத்தால் வெள்ளிப் பூச்சு கையோடு வந்துவிடும். மிச்சமிருக்கும் பிளாஸ்டிக்கில் ஒரு துண்டு வெட்டி, உரித்த பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, வெளிச்சத்தின் துவாரத்தைச் சுருக்கினால் கோடுகள் உழுத காடு மாதிரித் தெரியும். 25 கோட்டு இடைவெளி, அதாவது 40 மைக்ரான், போன் வீடியோவில் 640 புள்ளிகளாக விழுந்தது. மைக்ரானுக்கு 16 புள்ளி. வீட்டுக்காரி இன்றுவரை அந்த சி.டி.யைத் தேடவில்லை.

சரி, அளக்கத் தொடங்கினோம். விதி இதுதான். ஒரு துளி நிற்கும் இடத்தை நடுப்புள்ளியாக வை. அக்கட்ட 4 மைக்ரான், இக்கட்ட 4 மைக்ரானில் இரண்டு கோடு. இடம் வலமாக மட்டும் பார், மேலே கீழே போவதைக் கண்டுகொள்ளாதே. இரண்டில் ஏதாவது ஒரு கோட்டை முதல் தடவை தொடும் வரைக்கும் எத்தனை வினாடி? தொட்டதும் அந்த இடத்தையே புது நடுப்புள்ளியாக வைத்து மறுபடி ஆரம்பி. இப்படிச் செய்தால் ஒரே துளியிலிருந்து நாலைந்து பயணம் கிடைக்கும்.

முதல் முயற்சியைக் கையால் செய்தோம். வீடியோவை டி.வி.யில் ஓடவிட்டு, திரைமேல் கண்ணாடித் தாளை ஒட்டி, வினாடிக்கு ஒரு தரம் நிறுத்தி ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி. 60 பயணம் எடுக்க மூன்று ராத்திரி ஆயிற்று. சராசரி 25.6 வினாடி. கணக்கு சுலபம்: துளி எவ்வளவு வேகமாக அலைந்து பரவுகிறது என்பதைச் சொல்லும் பரவல் கெழு, தூரத்தின் வர்க்கத்தை நேரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வரும். 16-ஐ 51.2-ஆல் வகுத்தால் 0.31, சதுர மைக்ரான் ஒரு வினாடிக்கு.

அப்புறம் சோம்பலால் ஃபிஜி என்ற இலவச மென்பொருளை இறக்கினாள். அதில் ட்ராக்மேட் என்று ஒரு இணைப்பு, ஒவ்வொரு பிரேமிலும் துளியைத் தானே தேடிப் பிடித்துப் பட்டியல் கொடுக்கும். வினாடிக்கு 30 பிரேம். அதே வீடியோ, அதே துளிகள், அதே கோடுகள். சராசரி 20.9 வினாடி என்றது.

ஐந்து வினாடி எங்கே போயிற்று? நான் பேனா பிடித்த கையைச் சந்தேகப்பட்டேன். அவள் மென்பொருளைச் சந்தேகப்பட்டாள். இரண்டிலும் தப்பில்லை. வினாடிக்கு ஒரு தரம் பார்த்தால், இரண்டு பார்வைக்கு நடுவில் துளி கோட்டைத் தாண்டிவிட்டுத் திரும்பி உள்ளே வந்துவிடுகிறது. நமக்கு அது தொட்டதே தெரியாது. இன்னும் வரவில்லை என்று கணக்கைத் தொடர்கிறோம். சராசரியை அளப்பவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. முதல் தடவை என்று கேட்பவனுக்குத்தான் கண் இமைத்தால் நஷ்டம். 1908 வாக்கில் பெரான் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் ஒரு மரப்பிசின் உருண்டைகளை 30 வினாடிக்கு ஒரு தரம் குறித்துப் படம் வரைந்தார். குறிப்பை இன்னும் நெருக்கமாக எடுத்தால் படத்தின் ஒவ்வொரு நேர்கோடும் அதே அளவு கோணல்மாணலாக உடையும் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். அதைப் படித்திருக்கிறேன். என் பேனாவில் ஐந்து வினாடியாக வந்து உட்காரும் என்று நினைக்கவில்லை.

இதற்கு ஒரு திருத்தமும் உண்டு. விட்டு விட்டுப் பார்க்கும்போது கோடு கொஞ்சம் தள்ளிப் போட்டது போல ஆகிவிடும். எவ்வளவு தள்ளி என்றால், ஒரு பார்வைக்கும் அடுத்ததற்கும் நடுவில் துளி வழக்கமாக நகரும் தூரத்தில் 0.58 பங்கு. வினாடிக்கு ஒன்று என்றால் அது அரை மைக்ரான், 4 என்று நினைத்த கோடு உண்மையில் 4.5-ல் இருக்கிறது. 30 பிரேமுக்கு 0.09 மைக்ரான்தான். இந்தத் திருத்தத்தைப் போட்டதும் இரண்டு கணக்கும் 0.40 என்று ஒரே இடத்தில் வந்து நின்றன. அன்றைக்கு ராத்திரி புரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு மைக்ரான் உருண்டைக்கு 30 டிகிரித் தண்ணீரில் வாய்ப்பாடு சொல்வது 0.55. எங்களுக்கு வந்தது 0.40. கொழுப்புத் துளி தண்ணீரைவிட லேசு என்பதால் மேல் கண்ணாடியை ஒட்டியே திரிகிறது. சுவரோரம் போகிறவனுக்குத் தண்ணீரின் இழுவை அதிகம். துளியின் அளவும் கண் மதிப்புதான். அதனால் 0.40-ஐ நான் சந்தேகிக்கவில்லை. துளி சுவரோரம் திரிவதில் ஒரு நன்மையும் இருக்கிறது: ஃபோகஸை விட்டு ஆழத்துக்குப் போய்த் தொலைவது குறைவு.

அப்படியும் தொலைந்தவை உண்டு. மூடிய ஸ்லைடில் 140 பயணம் முடிந்தது, 11 பாதியில் காணாமல் போயிற்று. நான் அந்த 11-ஐத் தூக்கி எறிந்துவிடலாம் என்றேன். "வேண்டாமுங் மாமா, ரொம்ப நேரம் சுத்தறதுதான் தொலையும். அதை எறிஞ்சா சராசரி பொய்யாக் கொறையும்" என்றாள். சரியான பேச்சு. அவள் செய்தது வேறு: ஒவ்வொரு வினாடியிலும் இன்னும் உள்ளேயே இருப்பவை எத்தனை பங்கு என்று வரைந்தாள். தொலைந்தவை, தொலைந்த நேரம் வரைக்கும் உள்ளே இருந்ததாகக் கணக்கில் சேரும். ஆரம்பத்தில் தட்டையாக இருந்து, பிறகு வால் ஒரே சீராக இறங்கியது. 17 வினாடிக்கு ஒரு தரம் இருப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும் வேகம். அதிலிருந்து கணக்குப் போட்டாலும் 0.40-ஐ ஒட்டித்தான் வந்தது.

இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு. பாதி அக்கட்ட, பாதி இக்கட்ட. வீடியோவைப் பின்னோக்கி ஓட்டினாலும் எது முன் எது பின் என்று யாராலும் சொல்ல முடியாது. சமநிலை என்பதற்கு இதைவிட எளிய சோதனை கிடையாது.

நான்காவது ஸ்லைடில்தான் வில்லங்கம். எல்லாத் துளிகளும் ஆடிக்கொண்டே வலது பக்கம் போயின. நான் மோட்டார்க்காரன், முதலில் அடித்தளத்தைத்தான் பார்ப்பேன். ரசமட்டம் வைத்தேன், மேடை லேசாகச் சாய்ந்திருந்தது, காகிதம் சொருகி நேர் செய்தேன். போக்கு மாறவில்லை. அடுத்து எல்.இ.டி. சூடு என்று நினைத்தேன், அணைத்து ஆறவிட்டுப் பார்த்தேன். மாறவில்லை. பிறகு ஸ்லைடை அப்படியே அரைவட்டம் திருப்பி வைத்தேன். துளிகள் இடது பக்கம் போயின. ஆக, கோளாறு மைக்ராஸ்கோப்பில் இல்லை, ஸ்லைடோடு சேர்ந்து திரும்புகிறது. முப்பேஸ் மோட்டாரில் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டுப் பார்ப்பது போலத்தான், எது கூடவே மாறுகிறது என்று பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். லென்ஸை மாற்றி ஓரங்களைப் பார்த்தேன். வலது ஓரத்தில் பாலிஷில் மயிரிழை விரிசல். இடது மூலையில் இன்னொன்று, அங்கே ஒரு காற்றுக் குமிழ் மெல்லப் பெருத்துக்கொண்டிருந்தது. வலது பக்கம் தண்ணீர் ஆவியாகிப் போகிறது, இடது பக்கம் காற்று புகுந்து இடத்தை நிரப்புகிறது.

இது ஆடி மாதம் என்பதைச் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலையில் துணியைக் கயிற்றில் நிற்க விடாது. காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம், எங்களுக்கு மண். கடைக்குள் அந்தக் காற்று வந்து ஸ்லைடைத் தடவும்போதெல்லாம் துளிகளின் ஓட்டம் கூடியது, ஷட்டரை இறக்கினால் குறைந்தது.

இன்னொரு பூச்சுப் பாலிஷ் அடித்தேன். ஓட்டம் நின்றுவிட்டது. ரிப்பேர் முடிந்தது என்று கையைத் துடைத்தேன். அவள் முகம் வாடிப்போயிற்று. "மாமா, அந்த விரிசலைத்தாங் நான் ஆறு மாசமாக் கம்ப்யூட்டர்ல செஞ்சுட்டு இருக்கேன். ஆவியாகறதுல செலவாகுது, அந்தச் செலவுதான் ஓட்டத்தை நிறுத்தாம வெச்சிருக்குது. சமநிலை இல்லாத கடத்தல்னா அதேதானுங்." அடுத்த நாள் புது ஸ்லைடில் வேண்டுமென்றே வலது ஓரத்திலும் இடது மூலையிலும் குண்டூசியால் சுரண்டி ஓட்டை போட்டோம். காற்று படாத உள்ளறையில், வார்னிஷ் காயவைக்கும் இடத்தில் வைத்துப் பிடித்தோம். இப்போது மூன்று நிமிடத்துக்குச் சராசரி 36 மைக்ரான், அதாவது வினாடிக்கு 0.2 மைக்ரான், நிதானமான ஓட்டம்.

மறுபடி அதே 4 மைக்ரான் கோடுகள். 212 பயணம். வலப்பக்கக் கோட்டைத் தொட்டவை 187. ஓட்டத்தை எதிர்த்து இடப்பக்கக் கோட்டைத் தொட்டவை 25. விகிதம் ஏழரைக்கு ஒன்று.

அவள் அடுத்த எண்களைத் திரையில் கொண்டுவருவதற்கு முன்னால் என்னிடம் கேட்டாள்: "எதுத்துப் போன 25-க்கும் சராசரி நேரம் எவ்வளவு இருக்குமுங்?" நான் யோசிக்கவே இல்லை. அமராவதி ஆற்றில் எதிர்நீச்சல் போட்டவன் நான், கூட்டிப் போகும் தண்ணியில் கால்வாசி நேரத்தில் போகும் தூரத்தை எதிர்த்துப் போக எவ்வளவு மூச்சு வாங்கும் என்று தெரியும். குறைந்தது இரண்டு மடங்கு என்றேன்.

வலப்பக்கம் போனவற்றின் சராசரி 15.6 வினாடி. இடப்பக்கம் போனவை 14.9 வினாடி. 25 என்பது சின்ன எண்ணிக்கை, அதில் இரண்டு வினாடி முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் இரண்டு மடங்கு இல்லவே இல்லை. இரண்டு பரவலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் கணிசமாகப் பொருந்தின.

நான் நம்பவில்லை. கோட்டைத் தப்பாகப் போட்டிருப்பாய் என்றேன். அவளுக்கு இது முன்பே தெரியும், அதனால்தான் கேட்டிருக்கிறாள். பேப்பரும் பேனாவும் எடுத்துப் பூவா தலையா போட்டுக் காட்டினாள். அதை இங்கே எழுதிவைக்கிறேன், எனக்கே மறந்துவிடும்.

கோணல் காசு ஒன்று, 60 சதவீதம் தலை, 40 சதவீதம் பூ. தலை விழுந்தால் வலப்பக்கம் ஓர் அடி, பூ விழுந்தால் இடப்பக்கம் ஓர் அடி. ஐந்து அடி தள்ளி இருபக்கமும் கோடு. வலக்கோட்டை ஏதோ ஒரு வழியில் தொடுகிறாய் என்று வை. நடுவில் எத்தனை பூ விழுந்ததோ, தலை அதைவிடச் சரியாக ஐந்து கூட. அந்த வழியை அப்படியே கண்ணாடியில் பார், தலைக்குப் பூ, பூவுக்குத் தலை. அது இடக்கோட்டைத் தொடும் வழி, அதே எண்ணிக்கை வீச்சில். இரண்டு வழிக்கும் உள்ள வாய்ப்பை வகுத்தால் முன்னே போய்ப் பின்னே வந்ததெல்லாம் அடிபட்டுப் போகும், மிஞ்சுவது அந்த ஐந்து அடி மட்டும். ஒன்றரையை ஐந்து முறை பெருக்கினால் 7.6. ஏழு வீச்சில் முடிந்த வழியானாலும் எழுபத்தேழு வீச்சு இழுத்த வழியானாலும் அதே 7.6. ஆகவே இடப்பக்கம் போகிறவர்கள் எந்த நேரத்திலும் வலப்பக்கத்தவரில் 7.6-ல் ஒரு பங்கு. ஆள் குறைவு, நேரப் பரவல் ஒன்றே. அவள் பைத்தானில் ஒரு லட்சம் தடவை காசைச் சுண்டினாள். இரு பக்கமும் சராசரி 19 வீச்சுச் சொச்சம்.

கணக்கு ஒத்துக்கொண்டது, மனசு ஒத்துக்கொள்ள ஒரு ராத்திரி ஆயிற்று. நான் பிழை செய்த இடம் அமராவதிதான். ஆற்றில் நான் எதிர்த்தண்ணியில் போக முடிவு செய்துவிட்டுப் போகிறேன், அதனால் எனக்கு நேரம் ஆகிறது. துளிக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. எதிர்த்திசையில் வந்து சேர்ந்தவற்றை மட்டும் நாம் பின்னால் பொறுக்கி எடுக்கிறோம். அந்தப் பக்கம் போகத் தொடங்கி நடுவில் தயங்கி நின்ற துளிகளையெல்லாம் ஓட்டம் ஏற்கெனவே வலப்பக்கம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. தயங்காமல் சட்டென்று போனவைதான் 25-ல் பெயர் கொடுத்திருக்கின்றன.

இதிலிருந்து இன்னொன்று வருகிறது, எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது. ஒரு துளி கோட்டைத் தொட எத்தனை வினாடி எடுத்தது என்று மட்டும் நீங்கள் எனக்குச் சொன்னால், அது ஓட்டத்தோடு போனதா எதிர்த்துப் போனதா என்று அந்த நேரத்தை வைத்து என்னால் கொஞ்சம்கூடக் கூடுதலாக ஊகிக்க முடியாது. மூன்று வினாடியானாலும் முப்பது வினாடியானாலும் ஏழரைக்கு ஒன்று என்றுதான் பந்தயம் கட்ட முடியும்.

ஒரு சந்தேகத்தை அவளே கிளப்பினாள். படலத்தின் நடுவில் ஓட்டம் வேகம், கண்ணாடியோரம் மெதுவு. எதிர்த்துப் போன 25-ம் கண்ணாடியோரச் சோம்பேறி ஓட்டத்தில் இருந்தவையாக இருந்தால்? காசுக் கணக்கு ஓட்டம் எங்கும் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் கூர்மையான ஃபோகஸில், அதாவது ஒரே ஆழத்தில், கடைசி வரை இருந்த பயணங்களை மட்டும் பிரித்தோம். எண்ணிக்கை பாதியாயிற்று, எதிர்த்துப் போனவை 12. நேரம் அப்போதும் ஒத்தே இருந்தது. 12-ஐ வைத்துக்கொண்டு மார்தட்ட முடியாது, ஆனால் எதிராகவும் எதுவும் சொல்லவில்லை.

ஓட்டமும் ஆட்டமும் சேர்ந்தால் ஒரு கோட்டை முதல்முறை தொடும் நேரம் எப்படிப் பரவும் என்பதை 1915-லேயே ஷ்ரோடிங்கரும் ஸ்மோலுச்சோவ்ஸ்கியும் தனித்தனியாக எழுதிவிட்டார்கள். ஷ்ரோடிங்கர் எடுத்துக்கொண்டது காற்றில் விழுந்தும் ஏறியும் போகும் நுண்துகள்கள். குவாண்டம் சமன்பாட்டுக்குப் பத்து வருடம் முந்தைய ஷ்ரோடிங்கர்.

செல்லுக்குள் இதைச் செய்யும் ஆள் கைனசின் என்ற மோட்டார் புரதம். மோட்டார் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏ.டி.பி. என்ற எரிபொருள் மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து ஓர் அடி வைக்கும். அடி 8 நானோமீட்டர், 1993-ல் ஒளிப்பொறி, அதாவது நுண்துகளை ஒளியாலேயே பிடித்து வைக்கும் கருவி, வைத்து அளந்திருக்கிறார்கள். என் கடை மோட்டார் மாதிரி ஒரே சீராகச் சுற்றாது, காத்திருந்து காத்திருந்து அடி வைக்கும். சுமையைக் கூட்டினால் சில சமயம் பின்னாலும் வைக்கும். கார்ட்டர், கிராஸ் என்ற ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட அளவீட்டில், பின்னடிக்கு முன் அது காத்திருக்கும் நேரமும் முன்னடிக்கு முன் காத்திருக்கும் நேரமும் ஒத்திருந்தன. எங்கள் பால் துளிக் காசுக் கணக்கை அப்படியே அதன்மேல் போட்டுவிட முடியாது, கைனசினுக்கு உள்ளே பல படிகள் இருக்கின்றன. ஆனாலும் அந்த வரைபடத்தை அவள் போனில் காட்டியபோது எனக்குப் பழகிய முகமாக இருந்தது.

கடைசியாக ஒரு கணக்கு. 4 மைக்ரானுக்கு ஏழரையில் ஒன்று. கோட்டைப் பத்து மடங்கு தள்ளி 40 மைக்ரானில் போட்டால் ஏழரையைப் பத்து முறை பெருக்க வேண்டும், 50 கோடிக்கும் மேல் போகும். 40 மைக்ரான் என்பது ஒரு மயிர் தடிமன்கூட இல்லை. அமராவதியில் தானாக எதிரே மிதந்து வரும் கட்டையை யாரும் பார்த்திராததற்கு இவ்வளவுதான் காரணம்.

ஓட்டை போட்ட ஸ்லைடை அன்று ராத்திரி எடுத்து வைக்க மறந்துவிட்டேன். அவள் வெள்ளெனவே பஸ்ஸுக்குக் கிளம்பியபின் கடை திறந்து பார்த்தால் தண்ணீர் முழுக்கப் போயிருந்தது. கொழுப்பு எல்லாம் வலது ஓரத்து ஓட்டைக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. இடது மூலையில் லென்ஸை வைத்து அரை மணி நேரம் தேடினேன். மெரூன் பாலிஷ் மட்டும்தான் இருந்தது.